சுரைக்குடுக்கை: பாதி வேலை பனிக்காலத்தில், பாதி வேலை மழைக்காலத்தில்

கீழ் பர்மாவில் சுரைக்குடுக்கை செய்ய நினைக்கிறவர் கத்தியைத் தேடுவதற்கு முன்னால் காலண்டரைப் பார்க்க வேண்டும். யாங்கோன் வட்டாரத்தில் மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற மழையில் ஏறக்குறைய எல்லாமே இந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. அலமாரிக்குள் இருக்கும் தோல் செருப்பே பூஞ்சணம் பூக்கிற காலம் அது. சுரைவிதை ஊன்றிய நாளிலிருந்து ஓடு கெட்டிப்பட நாலு, நாலரை மாதம் ஆகும். ஓடு உலர அதற்குமேல் இரண்டிலிருந்து ஐந்து மாதம். ஆகவே கணக்கைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவுக்குள் காய் முழுக்க உலர்ந்திருக்க வேண்டுமானால் டிசம்பருக்குள் முற்ற வேண்டும்; அதற்கு ஜூலைக் கடைசியில் விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். கறிக்கு வளர்ப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் போடுகிறார்கள், அது வேறு கதை. பனிக்காலத்தில் போட்ட கொடியிலிருந்து மே மாதம் முற்றிய காயைப் பறித்தால் அது உலராது, அழுகும்.

தன்லினில், பழைய ஆட்கள் இன்னும் சிரியம் என்று சொல்லும் ஊரில், எங்கள் வீடு சாலையோரம். வாசலில் ஒரு தண்ணீர்த் தாங்கி இருக்கிறது: மரச்சட்டம், மேலே சின்னக் கூரை, உள்ளே இரண்டு மண்பானை. வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைப்பது பர்மாவில் எல்லோரும் செய்கிற புண்ணியம். நம்ம ஊர்த் தண்ணீர்ப் பந்தல் சித்திரை வெயிலோடு முடிந்துவிடும். இங்கே ஆண்டு முழுக்க வைப்பார்கள். பிரச்சினை பானையில் இல்லை, மொள்ளும் பாத்திரத்தில்தான். பிளாஸ்டிக் குவளை வெயிலில் இரண்டு மாதத்தில் வெடித்துவிடும். எவர்சில்வர் வைத்தால் காலையில் இருக்காது. சுரைக்குடுக்கையை வெட்டி ஒரு மொள்ளி செய்து வைத்தால் யாரும் எடுத்துப் போகமாட்டார்கள், கை தவறிப் பானைக்குள் விழுந்தாலும் மிதக்கும். இதுதான் திட்டம்.

விதை, சௌத்தான் பக்கம் வயல் வைத்திருக்கும் பெரியப்பாவிடமிருந்து வந்தது. கழுத்து நீண்டு, வயிறு உருண்டு இருக்கும் ரகம். கொடுக்கும்போதே எச்சரித்துவிட்டார்.

"இது கறிக்குச் சமைக்கிற சுரை இல்ல தம்பி. பிஞ்சுலயே கசக்கும். பாத்தா அழகா இருக்குதுன்னு புள்ளைங்க பறிச்சு வீட்டுல குடுத்துடப் போகுது."

"கசந்தா யார் சாப்பிடப் போறாங்க பெரியப்பா?"

"ஜூஸ் போட்டுக் குடிக்கிறவன் சாப்பிடுவான்."

அவர் சொன்னது வெறும் பயமுறுத்தல் இல்லை. கசக்கும் சுரையில் குக்கர்பிட்டசின் என்ற பொருள் அதிகம். வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தப்போக்கு வரைக்கும் கொண்டுபோகும். இந்தியாவில் சுரைக்காய்ச் சாறு குடித்துச் சிலர் இறந்துபோன பிறகு, கசந்தால் துப்பிவிடுங்கள், ஒரு வாய்கூட விழுங்காதீர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழுவே சொல்லியிருக்கிறது. சமைத்தாலும் கசப்பு போகாது. கறிச்சுரையும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இன்னொரு தொல்லை. இந்தப் பருவத்துக் காய்க்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் கறிச்சுரையிலிருந்து விதை எடுத்து அடுத்த வருஷம் போட்டால், மகரந்தம் கலந்த கொடியில் கசப்புக் காய் வரலாம். அதனால் கறிச்சுரைக்கு விதையைக் கடையில் வாங்கிக்கொண்டு, குடுக்கைச் சுரைக்கு மட்டும் வீட்டு விதையை வைத்துக்கொள்கிறேன்.

சுரைவிதையின் தோல் கடினம். முனையை நகவெட்டியால் லேசாகக் கிள்ளி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுத்தால் சீக்கிரம் முளைக்கும். மழைக்காலத்தில் குழிக்குள் ஊன்றினால் தண்ணீர் தேங்கி விதை செத்துவிடும். எங்கள் மண் களிமண், ஆற்றுப் பக்கம். மட்கிய சாணமும் உமியும் கலந்து முழங்கால் உயரத்துக்கு மேடு கூட்டி, அதன்மேல் ஊன்றினேன். மூங்கில் பந்தல் தலைக்கு மேல் உயரம் இருக்க வேண்டும். பந்தலிலிருந்து தொங்கும் காய்க்குக் கழுத்து நேராக வரும். தரையில் கிடக்கும் காய்க்கு அடி தட்டையாகும், கழுத்து வளையும். வளைந்த கழுத்துதான் மொள்ளிக்குக் கைப்பிடி. எனவே இரண்டு காயை மட்டும் பந்தல் காலோரம் பலகைமேல் படுக்கவைத்தேன். மற்றவை தொங்கின.

கொடி பத்தடி போனதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண்பூவே வரும், பக்கக் கிளைகளில்தான் பெண்பூ. சுரைப்பூ வெள்ளை, அந்திக்கு மலர்ந்து மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். தேனீ தூங்கப் போன நேரத்தில் மலர்கிற பூவுக்கு அந்துப்பூச்சிதான் துணை. மழை அடிக்கிற அந்தியில் அந்துப்பூச்சியும் வராது. பிஞ்சு பழுத்துக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு உரம் போதவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஆண்பூவைப் பறித்து, இதழைப் பிய்த்துப் போட்டு, பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவினால் போதும். பெண்பூவுக்குக் கீழே விரல்நுனி அளவில் பஞ்சு போர்த்திய பிஞ்சு இருக்கும், ஏமாற வழியில்லை. பிடித்த பிஞ்சைப் பழைய லுங்கித் துணியால் பை தைத்து மூடிவிட்டேன். பழ ஈ குத்தினால் அந்த இடத்தில் ஓடு குழிந்து, உலரும்போது அங்கேதான் ஓட்டை விழும். ஒரு கொடிக்கு மூன்று காய்க்குமேல் விடவில்லை.

காத்திருக்கும் மாதங்களுக்கு ஈடு, வேலியோரம் ஓடிய கறிச்சுரை. இந்த ஊரில் சுரைக்கொடியில் வீணாகப் போவது எதுவும் இல்லை. நுனித் தளிரைப் பறித்துப் பூண்டு போட்டு வதக்குவார்கள். வேகவைத்து ங்கப்பி என்கிற புளிக்கவைத்த மீன் சாந்தில் தொட்டும் சாப்பிடுவார்கள். இளங்காயில் காய்ந்த இறால் போட்டுத் தெளிவாக ஒரு சூப். வீட்டுக்காரி செய்யும் சுரைக்காய்க் கூட்டுக்குக் கடலைப்பருப்பு. அதில் நான் வாய் திறப்பதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் மேல் பூதீஜோ என்கிற சுரைக்காய்ப் பொரியல்தான். பிஞ்சை விரல் கனத்துக்கு நீளமாக அரிந்து, அரிசி மாவும் கொஞ்சம் கடலை மாவும் மஞ்சளும் சேர்த்த நீர்த்த மாவில் தோய்த்து, முறுகப் பொரித்து, புளித்தண்ணீரில் தொட்டுத் தின்பது. காலையில் மொகிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸின் மேல் உடைத்துப் போடுவதும் இதைத்தான். வெளியே மொறுமொறு, உள்ளே குழைவு. சுரைக்காயில் சத்தும் இல்லை சுவையும் இல்லை என்கிறவர்களை இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே இழுக்க வேண்டும்.

முற்றியதற்கு அடையாளங்கள். காம்புக்குப் பக்கத்துப் பற்றுக்கம்பி சுருண்டு காயும். காம்பு பச்சை மாறிப் பழுப்பாகும், மரக்குச்சி மாதிரி இறுகும். காயின் பச்சை வெளிறும். நகத்தால் அழுத்தினால் பதியாது. இதற்குப் பிறகும் பறிக்க அவசரப்படக் கூடாது. கொடி தானாகச் சாகிறவரை விட்டுவைத்தால் காய் அங்கேயே கொஞ்சம் இளைத்துவிடும். ஓட்டின் கனம் கொடியில் இருக்கும்போது சேர்ந்தால்தான் உண்டு, பறித்தபின் ஒரு நூல்கூடக் கூடாது. முன்னால் பறித்த காய் உலரும்போது வற்றிச் சுருங்கி உள்வாங்கும். அதை எந்தப் பூச்சும் காப்பாற்றாது. பறிக்கும்போது இரண்டு அங்குலக் காம்பு விட்டு வெட்டினேன். காம்பை ஒட்ட வெட்டினால் அந்தக் காயத்தின் வழியாக அழுகல் நுழையும்.

சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் ஒன்றோடொன்று உரசாமல் தொங்கவிட்டேன். வெயிலில் போடச் சொல்லுவார்கள், கேட்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் விரிசல் விடும். நிழலும் காற்றும் போதும். மார்கழி, தை மாதங்களில் வடக்கேயிருந்து வரும் வறண்ட காற்று செய்கிற வேலையை எந்த அடுப்பும் செய்யாது.

சில வாரத்தில் பூஞ்சணம் வந்தது. சாம்பல், கறுப்பு, சில இடத்தில் வெள்ளை. பக்கத்து வீட்டு அமா (பர்மியில் அக்கா) வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "அழுகிப்போச்சு, தூக்கிப் போடு. மாடும் தின்னாது" என்றார். அழுகலுக்கும் பூஞ்சணத்துக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியும். அழுத்தினால் கெட்டியாக இருந்தால் அது மேல்தோலில் மட்டும் இருக்கும் பூஞ்சணம், காய் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடுகிறது என்று பொருள். மெத்தென்று அமுங்கினால் மட்டுமே குப்பை. அப்படி ஒன்றிரண்டு போயின, மற்றவை நின்றன. பூஞ்சணம் விட்டுப்போகும் புள்ளிகளும் கோடுகளும் ஓட்டில் பழுப்பு ஓவியமாகத் தங்கிவிடும், எனக்கு அது பிடிக்கும். மேல்தோலைப் பச்சையிலேயே சீவிவிட்டால் சீக்கிரம் உலரும் என்று சிலர் செய்கிறார்கள். உலர்வது உண்மைதான், ஓடு கோணிப்போவதும் உண்மை.

உலர்ந்ததா என்று அறியக் காதருகே வைத்துக் குலுக்குவது வழக்கம். விதை கலகலத்தால் சரி. கலகலக்காமலும் உலர்ந்திருக்கலாம், உள்ளே பஞ்சு உருண்டையாகி விதையைப் பிடித்துவைத்திருக்கும். எடைதான் நம்பகமான சாட்சி. பச்சையில் இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்த, ஒன்றரை வீசை எடையுள்ள காயை, கடைசியில் காம்பில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கினேன்.

அப்புறம் சுரண்டல். ஈரச்சாக்கில் ஒரு மணி நேரம் சுற்றிவைத்தால் மேல்தோல் ஊறும். பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரும் மழுங்கிய கத்தியும் போதும். நான் கம்பிநாருக்கு முன்னால் பீர்க்கங்கூட்டைப் பயன்படுத்திப் பார்த்தேன். கொடியிலேயே காய்ந்த பீர்க்கங்காயை உரித்து, விதையை உதறி, அலசி வைத்தால் அதுதான் வருஷம் முழுக்க எங்கள் முதுகுக்கும் பாத்திரத்துக்கும். ஆனால் சுரை ஓட்டின் மேல்தோலுக்கு அது போதாது.

வெட்டுவதற்கு ரம்பத்தின் பல் பொடியாக இருக்க வேண்டும். இரும்பு அறுக்கும் ஹேக்சா பிளேடின் ஒரு முனையைத் துணியால் சுற்றிக் கைப்பிடியாக்கிக்கொண்டேன். பென்சிலால் கோடு போட்டு, கத்திமுனையால் ஒரு கீறல் கொடுத்து, அதில் பிளேடை நுழைத்து மெல்ல அறுக்க வேண்டும். அழுத்தினால் பிளந்துவிடும். படுக்கவைத்து வளர்த்த காயில், கழுத்து கைப்பிடியாகவும் வயிறு கிண்ணமாகவும் வரும்படி நீளவாக்கில் மேல்பக்கத்தை எடுத்தேன். உள்ளே இருக்கும் காய்ந்த பஞ்சைச் சுரண்டும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தூசி தொண்டைக்குள் போனால் நெஞ்சு அடைக்கும், கசப்பு ராத்திரி வரை நாக்கில் நிற்கும். தண்ணீர் தெளித்துச் சுரண்டினால் தூசி பறக்காது. பழைய எவர்சில்வர் ஸ்பூனின் விளிம்பை அரைக்கல்லில் தேய்த்துக் கூராக்கினால் அதுவே சரியான ஆயுதம். வாய் குறுகிய குடுக்கைக்கு ஸ்பூன் நுழையாது. தண்ணீரும் ஒரு பிடி சரளைக்கல்லும் போட்டு, கை வலிக்கும்வரை குலுக்கிக் கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் விட்டு உள்ளே அழுகவைத்துக் கொட்டுகிற பழைய முறை இதைவிடச் சுலபம், ஆனால் நாற்றத்துக்கு அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடிக்கிற தண்ணீர் படும் குடுக்கை என்றால் கசப்பை எடுத்தே ஆக வேண்டும். கொதிக்கும் தண்ணீரை நிறைய ஊற்றி ஆறும்வரை விட்டுக் கொட்டுவது, மறுபடி ஊற்றுவது. சமையல் சோடா ஒரு ஸ்பூன் போட்டால் வேகம். கடைசித் தண்ணீரை நுனிநாக்கில் வைத்துத் துப்பிப் பார்த்து, கசப்பு அறவே இல்லை என்ற பிறகுதான் அடுத்த கட்டம்.

அந்த அடுத்த கட்டம் பூச்சு. பூசாத ஓடு தண்ணீரை உறிஞ்சி நாளடைவில் மெத்துப்போகும். சுலபமான வழி தேன்மெழுகு. குடுக்கையை வெயிலில் சூடாக்கி, உருக்கிய மெழுகை ஊற்றிச் சுழற்றி மிச்சத்தைக் கொட்டிவிடலாம். கிழக்கு ஷான் மலையில் லாகு மக்கள் சுரைக்குடுக்கையில் ஐந்து மூங்கில் குழல் செருகி வாசிக்கும் கருவிக்கும் குழலைச் சுற்றி அடைப்பது தேன்மெழுகுதான். ஆதி மனிதர்களே ஒரு சுரைக்காய்க்குள்ளிருந்து வந்தார்கள் என்று கதை சொல்லும் மக்கள் அவர்கள். அந்த மாதிரிக் குடுக்கைக்குழல் இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. 802இல் பர்மாவின் பழைய பியூ நாட்டிலிருந்து சீனத் தாங் அரசவைக்குப் போன இசைக்குழுவின் கருவிப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் என் மொள்ளி வெயிலில் நிற்கும் தாங்கியில் தொங்க வேண்டியது. ஏப்ரல் வெயிலில் மெழுகு இளகிவிடும். அதனால் தித்சிக்குப் போனேன்.

தித்சி என்பது பர்மா அரக்குமரத்தின் பால். பகான் அரக்குப் பாத்திரங்களில் பூசுவது இதையே. பயாவில், அதாவது புத்தர் கோயிலில், பொன்ரேக்கு ஒட்டுவதும் இதன்மேல்தான். பொன் ஒட்டும் வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் சின்ன டப்பாவில் வாங்கினேன். "பச்சையாய் இருக்கும்போது மேலே பட்டால் பத்து நாள் சொறிவாய், கையுறை போடு" என்றார். உண்மை, பச்சைப் பால் பட்டால் தோல் கொப்புளித்துவிடும். முழுக்க இறுகிய பிறகு பயமில்லை, அதில்தான் இந்த நாடே லாப்பெட் என்கிற தேயிலை ஊறுகாய் பரிமாறுகிறது.

இந்தப் பாலின் குணம் மற்ற வர்ணங்களுக்கு நேர்மாறு. வெயிலில் உலராது, காற்றில் ஈரம் இருந்தால்தான் இறுகும். பகானில் பூசிய பாத்திரத்தை ஈரமும் இருட்டும் உள்ள நிலவறையில் வைப்பது அதனால்தான். மார்ச்சில் பூசினால் வாரக்கணக்கில் கையில் ஒட்டும். ஜூனில் பூசினால் அறையே நிலவறை. பனிக்காலம் ஓட்டை உலர்த்திக் கொடுத்தது, மழைக்காலம் பூச்சை இறுக்கிக் கொடுத்தது. நான் செய்தது இரண்டுக்கும் நடுவே குடுக்கையை எலிக்கு எட்டாமல் வைத்திருந்தது மட்டும். துணிப்பந்தால் மெல்லியதாக ஒரு பூச்சு, மண்பானையைக் கவிழ்த்து அதற்குள் ஈரச்சாக்கோடு ஒரு வாரம், ஈரமான உப்புத்தாளால் தேய்ப்பு, மறுபடி பூச்சு. கனமாகப் பூசினால் மேலே தோல் கட்டி அடியில் ஈரமாகவே இருக்கும். மூன்று பூச்சுக்குப் பிறகு கறுப்பாக, ஆழமாக ஒரு மினுக்கம் வந்தது.

இதற்கிடையில் பூனை ஒரு முழுக்குடுக்கையை உத்தரத்திலிருந்து தள்ளிவிட்டது. கழுத்தடியிலிருந்து வயிறுவரை விரிசல். தூக்கிப் போட மனம் வரவில்லை. விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டேன். அப்போதுதான் அது மேலும் ஓடாது. இரு பக்கமும் ஊசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் குறுக்குத் தையல் போட்டு இழுத்துக் கட்டினேன். அதன்மேல் தயோ, அதாவது தித்சியில் சலித்த உமிச்சாம்பலைப் பிசைந்த சாந்து. அரக்கு வேலைக்காரர்கள் மூங்கில் பின்னலின் சந்துகளை அடைப்பது இப்படித்தான். சப்பாத்தி மாவின் பதத்துக்கு இருந்தால் நல்லது. விரிசலுக்குள் அழுத்தி, மேலே வழித்து, பானைக்குள் இறுகவிட்டு, மறுபடி தேய்த்துப் பூசினேன். தட்டிப் பார்த்தால் அந்த இடம் மற்ற ஓட்டைவிடக் கெட்டி. ஆனாலும் தையல் உள்ள குடுக்கையில் தண்ணீர் வைக்கவில்லை, விதைக் குடுக்கையாக்கிவிட்டேன். நன்றாகக் காய்ந்த அவரை, வெண்டை விதைகளைச் சாம்பலில் புரட்டி உள்ளே போட்டு, வாயைக் கிடைச்சித் தக்கையால் அடைத்து, அடுப்புக்கு மேல் புகை படும் இடத்தில் தொங்குகிறது. வண்டும் எலியும் அண்டுவதில்லை.

வெட்டாமல் விட்ட பெரிய குடுக்கை ஒன்று, வாயைத் தயோவால் அடைத்து, தம்பி பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கப் போனது. பெரியப்பா காலத்தில் முதுகில் இரண்டு குடுக்கை கட்டிக்கொண்டுதான் எல்லோரும் குளத்தில் இறங்கினார்களாம். பையனுக்கு டியூப்தான் வேண்டுமாம், முகத்தைச் சுளித்துக்கொண்டே கட்டிக்கொண்டான். கயிறு வழுக்காமல் இருக்க இடுப்பு ஒடுங்கிய காயாகப் பார்த்துக் கட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் முடிச்சைப் பெரியவர் ஒருவர் சோதிக்க வேண்டும்.

மொள்ளி இப்போது தாங்கியில் தொங்குகிறது. வாரம் ஒருமுறை கழுவிக் கவிழ்த்துக் காயவைக்கிறோம். சூடான தண்ணீர் ஊற்றுவதில்லை, கம்பிநார் போடுவதில்லை. விளிம்பில் பூச்சு தேய்ந்து ஓடு தெரிய ஆரம்பித்தால் உபயோகத்தை நிறுத்தி, அடுத்த மழைக்கு ஒரு பூச்சு கொடுத்தால் போதும். டப்பாவில் மிஞ்சிய தித்சியின் மேல் எண்ணெய்த்தாளை ஒட்டினாற்போல அழுத்தி மூடிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் டப்பாவுக்குள்ளேயே இறுகிவிடும்.